மருந்தை நிறுத்திய நாட்கள்

வல்லம் ரோட்டில் எங்கள் பைக்குக்குக் குறுக்கே ஒரு நாய் ஓடியது. ஓட்டிய என் கணவருக்குச் சிராய்ப்புதான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். சில மாதங்களில் வாக்கர் பிடித்து, வீட்டின் முன்பக்கம் இருக்கும் எங்கள் மளிகைக்கடை வரை நடந்தேன்.

அப்புறம்தான் தழும்பின் ஓரத்தில் கடுகளவு துளை விழுந்தது. ஏதோ கசிந்து புடவையில் காய்ந்திருக்கும். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். மருந்துக்கடை மாத்திரை போட்டால் துளை மூடிக்கொள்ளும், விட்டால் திறந்துகொள்ளும்.

புதுச்சேரிக்கே திரும்பப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"பிளேட்டு மேல கிருமி ஒட்டியிருக்கும்மா," என்றார் டாக்டர். "எந்தக் கிருமின்னு தெரியணும். ரெண்டு வாரம் எந்த மாத்திரையும் போடாதீங்க."

கணவர் பதறினார். "சீழ் வருது, மருந்த நிறுத்தச் சொல்றீங்களே சார்?"

"மருந்து உள்ள இருந்தா கிருமி டெஸ்ட்டுல சிக்காது. கால் சிவந்து வீங்கினாலோ ஜுரம் ஏறினாலோ அன்னைக்கே வந்துடுங்க."

அந்த நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில்லை. ஜன்னலோரக் கட்டில். வெயில் ஏறினால் வெளியே தெரியும் கோட்டை மலையின் பாறைகள் தரையை விட்டு மிதப்பதுபோல் இருக்கும். கடையில் யாரோ துவரம்பருப்பு கேட்பார்கள். அந்தக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வரும். என் கால் பக்கத்து அறையில் படுத்திருப்பதாகத் தோன்றும்.

நாங்கள் ஜைனர்கள். எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கப் பழக்கிய வீடு. ஒருநாள் அரைத்தூக்கத்தில் அவரிடம் சொன்னேன்: "பாவங்க அந்தக் கிருமி. அதுக்கு வேற வீடு ஏது?"

"இன்னா பேசற நீ? அது உன் எலும்பத் தின்னுது," என்றார். சொல்லிவிட்டு என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் முடிந்ததும் மறுபடி ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதால் வலி இல்லை. யாரோ எங்கோ அரிசி களைவதுபோலச் சத்தம் கேட்டது. என் எலும்பைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். அழுகிய சதையை எடுத்துவிட்டு, பல இடங்களிலிருந்து துணுக்கு துணுக்காக வெட்டித் தனித்தனி டப்பாவில் லேபுக்கு அனுப்பினார்கள்.

"லேபுல கிருமி வளர்ந்துடுச்சும்மா, எதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் டாக்டர் சில நாள் கழித்து, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. "இதுக்குக் கேக்கிற மருந்து இருக்கு." எலும்பு இன்னும் கூடாததால் பிளேட்டை அப்படியே விட்டிருந்தார்கள். முதலில் டிரிப்ஸ், பிறகு வாரக்கணக்கில் மாத்திரை.

ஒரு வேளை மாத்திரையை இருட்டிய பிறகு போட வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்தால் நாங்கள் வாயில் எதுவும் போடுவதில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். அவர் உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு, மற்றதைத் தானே குடித்தார். இருட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்து நான் பார்த்ததில்லை.

எலும்பு கூடியதும் பிளேட்டை எடுத்தார்கள். துளை மறுபடி திறக்கவேயில்லை.

போன அமாவாசைக்கு ஆட்டோ எல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டதால், பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நடந்தே வந்தேன். வாசலில் செருப்பை விடும்போது, அடிபட்டது எந்தக் கால் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.