இரண்டு கும்பிடு

நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய புதிது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் விரதம், மரக்கறிதான். அப்படியொரு வெள்ளி, வேலை முடிந்து வருகிற வழியில், பசி தாங்காமல் ஸ்ட்ரோம்மனில் ஓர் அமெரிக்கக் கோழிக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். தமிழர் யாராவது கண்டுவிட்டால் என்ன செய்வது? வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

எதிர் நாற்காலியில், கசங்காத வெள்ளைச் சட்டையோடு ஒரு ஜப்பான்காரர் வந்து அமர்ந்தார். தட்டிலிருந்த கோழி பேர்கரைக் கும்பிட்டார். பிறகு மடியிலிருந்த பையையும் கும்பிட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் கேட்டேன்.

"ஏன் ரெண்டு தரம் கும்பிட்டனீங்கள்?"

"முதல் கும்பிடு சாப்பாட்டுக்கு. ஜப்பானிலை எல்லாரும் அப்பிடித்தான்."

"மற்றது?"

பையைத் தட்டினார். "மனுசி விடிய எழும்பிக் கட்டித் தந்த சோறு. இன்னும் திறக்கேல்லை."

"வீட்டை போய் என்ன சொல்லுவீங்கள்?"

"நல்ல ருசி எண்டு." பேர்கர் தாளால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டில் மனைவி, பாவம், விரதக்காரன் பசியோடு வந்திருப்பேன் என்று சோற்றைக் கூடுதலாகவே போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பும் ஊற்றினாள். வழமைபோல் கும்பிட்டேன். கை தானாக இன்னொரு தரமும் குவிந்தது.

"என்னப்பா, இண்டைக்கு ரெண்டு கும்பிடு?"

"நல்ல ருசி," என்றேன்.

சோற்றில் நான் இன்னும் கை வைத்திருக்கவில்லை.