தணிகாசலம் ஐயாவின் ஆறு மணி நடை

என் அலுவலக அறைக்குக் கண்ணாடிக் கதவு. சென்ற வியாழக்கிழமை காலை அதன் வெளியே ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை பார்ப்பவர். மூடிய கதவை அவர் தட்டமாட்டார், தள்ளவும் மாட்டார். உள்ளே இருப்பவர் எழுந்து வந்து திறக்கும்வரை நிற்பார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியவில்லை. நான் போய்த் திறந்தேன்.

“ஐயா போயிட்டாரு மேடம்,” என்றார். “விடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “அப்போ ஞாயித்துக்கிழம இன்னா பண்றது மேடம்?” என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஏகாம்பரம் வாலாஜாபாத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு முதன்முறையாகத் துணையில்லாமல் போக வேண்டிய நாள். அவர் மனைவி வைத்திருந்த பரீட்சை அது. தேறினால் குடும்பம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இது என்ன பரீட்சை, இதில் ஐயாவுக்கு என்ன வேலை என்று விளங்க வேண்டுமானால் அவரை அறியாதவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

தணிகாசலம் ஐயா மத்திய சிறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரகடம் கூட்டுச் சாலைக்குப் பின்னால் சிறிய சொந்த வீடு. தினமும் மாலை ஆறு மணிக்கு, சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர்களோடு அவர் ஒரு மணி நேரம் நடப்பார். அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். அதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, நன்கொடைப் புத்தகம் கிடையாது.

அறிமுகமாவதற்கு முன்பே நான் அவரைப் பார்த்திருக்கிறேன். குன்றத்தூருக்கு வீடு திரும்பும் கம்பெனி பஸ் கூட்டுச் சாலை நெரிசலில் நிற்கும்போது, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையோரமாக ஏழெட்டு ஆண்கள் போவார்கள். முன்னால் நிமிர்ந்த முதுகோடு ஒரு பெரியவர், கையில் மடக்கிய குடை. மழை இல்லாத மாதங்களிலும் அந்தக் குடை இருக்கும். முருகனுக்கு ஏதோ வேண்டுதல் என்று முதலில் நினைத்தேன். எல்லாரும் செருப்புப் போட்டிருந்தார்கள். ஷிஃப்ட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியோ என்று நினைத்தேன். எந்த கேட்டுக்குள்ளும் நுழையாமல் திரும்பி வந்தார்கள். கட்சிக்காரர்கள் என்றால் ஒருவராவது பேசிக்கொண்டு போவார். நான் சமூகவியல் படித்தவள். மூன்று ஊகமும் பொய்த்துப்போனது எனக்குச் சில வாரங்கள் உறுத்தலாகவே இருந்தது.

பிறகு ஒருநாள் அந்தக் குடை என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஏகாம்பரம். ஆள் எடுப்பது என் வேலை. விண்ணப்பத்தில் ‘இதற்கு முன் செய்த பணி’ என்ற இடத்தில் ‘ஒன்பது வருடம் ஜெயிலில் சமையல்’ என்று எழுதியிருந்தது. நிலத்தகராறு, கையிலிருந்த மண்வெட்டி, ஒரு சாவு. ஏகாம்பரமே சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

“இதை எழுதாமலே விட்டிருக்கலாமே?” என்றேன்.

“விட்டிருந்தா நீங்க கேப்பீங்க. கேட்டா இவரு பொய் சொல்லுவாரு. அது இவருக்கு வராதும்மா. ரெண்டாவது கேள்வியிலயே மாட்டிப்பாரு,” என்றார் ஐயா. ஏகாம்பரம் ஆமாம் என்று தலையாட்டினார்.

எவ்வளவு கமிஷன் எதிர்பார்க்கிறார் என்று நான் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “வேல குடுங்க, குடுக்காம போங்க. அது உங்க இஷ்டம். குடுத்தா ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர வெளிய விட்டுடுங்க.”

“ஏன்?”

“சொன்னா நம்ப மாட்டீங்க.”

அன்று நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத முடியாது. கம்பெனி ஆளாக எடுக்க விதிமுறை இடம் தராது என்று சொல்லி, கேன்டீன் ஒப்பந்தக்காரரிடம் அனுப்பிவைத்தேன். பொறுப்பு அவர் தலையில் இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். ஐந்தரை மணிக்கு விட்டுவிடுவதாக மட்டும் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து நானே அதை மறந்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தினர் வருகிறார்கள் என்று கேன்டீன் ஆட்கள் அனைவரையும் ஏழு மணிவரை இருக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஆறேகாலுக்கு கேன்டீன் சூப்பர்வைசர் ஓடி வந்தார். “மேடம், உங்க ஆளு சரக்கு ரூம்ல பூந்துகினு கதவ சாத்திகினான். எதையோ அமுக்கறான். வந்து பாருங்க.”

போய்க் கதவைத் திறந்தோம். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாய்யா பண்றே இங்க? எதனா எடுத்தியா?” என்றார் சூப்பர்வைசர்.

“இல்ல சார். மணி ஆறாயிடுச்சி.”

அது ஒரு பதிலாகவே எங்கள் இருவருக்கும் படவில்லை. நான் ஐயாவுக்குப் போன் செய்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். அறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று, “ஏகாம்பரம், இங்க கணக்கு எடுக்க மாட்டாங்க. வாங்க, டீ குடிக்கலாம்,” என்றார். ஏகாம்பரம் எழுந்து வந்துவிட்டார்.

அந்த டீக்கடையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சிறையில் மாலை ஆறு மணிக்குள் ஆட்களை எண்ணிக் கணக்கெடுத்து, உள்ளே விட்டு, பூட்டிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படி இருந்த உடம்புக்கு, விடுதலைக்குப் பிறகும் ஆறு மணியானால் நான்கு சுவர் வேண்டியிருக்கிறது. கிடைக்காவிட்டால் வியர்க்கிறது, கை நடுங்குகிறது. சிலர் குடிக்கப் போகிறார்கள். “அந்த நேரத்துக்கு ஆள ரோட்டுல இறக்கி விட்டுடணும்மா. நடந்துகிட்டே இருந்தா ஆறு மணி பாட்டுக்குக் கடந்து போயிடும்.”

“நடந்தால் திருந்திவிடுவார்களா?”

“திருந்தறது அவங்க பாடு. நான் ஆறு மணிய மட்டும் பாத்துக்கறேன்.”

அதன்பின் வாரம் ஒருநாள் நானும் அவர்களோடு நடக்கலானேன். சேவை மனப்பான்மை இல்லை, வெறும் ஆர்வம். ஐயா எப்போதும் முன்னால்தான் நடந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணியதில்லை. “நடுவில் ஒருவர் நழுவிவிட்டால்?” என்று கேட்டேன். “போகட்டும். இவங்க பின்னால எப்பவும் ஒரு காவலர் நடந்தாச்சு. இனிமே யாரும் நடக்க வேணாம். எண்ணறதும் முப்பத்திரண்டு வருஷம் எண்ணியாச்சு,” என்றார். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்த ஒருவர் கைப்பேசி திருடி மறுபடி உள்ளே போனார். ஐயா மனுப்போட்டுப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்றதற்கு, “நாங்க இப்போ ஏரிக்கரை வரைக்கும் போறோம்னு சொன்னேன்,” என்றார்.

ஏகாம்பரத்தின் வீட்டுக்கு ஐயா முதலில் போனபோது நானும் போனேன். எப்படிச் சமாதானம் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும் எனக்கு. அவர் சமாதானம் பேசவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, நடந்ததைக் கேட்டார். ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா நிலைப்படியில் நின்றபடியே சொன்னார்.

“வந்த அன்னிலேந்து ஆறு மணியானா எங்களையும் உள்ள இட்டுகினு கதவ சாத்திடுவாரு. எம்பொண்ணு டியூசன் முடிச்சி வந்து வெளிய நின்னுகினு தட்டுது, நல்ல மழ. பக்கத்துலயே குந்திகினு கீறாரு, தொறக்கல. நான் கொல்லையில கீறேன். ஏன்யா தொறக்கலன்னா, தொறக்கறது என் வேல இல்லன்றாரு. பதினோரு நாளு பாத்தேன். ஒம்போது வருசம் அவரு ஜெயில்ல இருந்தாரு. அந்தப் பதினோரு நாளு நாங்க இருந்தோம். போயிடுய்யான்னு சொல்ட்டேன்.”

 ஐயா, பெண்ணின் டியூஷன் எங்கே, எத்தனை மணிக்கு முடிகிறது, எந்த வழியாக வருகிறாள் என்று விசாரித்தார். ஞாயிறுதோறும் ஆறு மணிக்குப் பெண்ணை அழைத்துவரும் வேலையை ஏகாம்பரத்துக்குக் கொடுக்கலாமா, தானும் கூட வருவதாக, என்று கேட்டார்.

மல்லிகா யோசித்தார். “ரோட்டுல வேணா பாத்துக்கட்டும். வூட்டுக்குள்ள வேணாம்.”

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன். ஓய்வு பெற்ற எத்தனையோ காவலர்கள் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் இது?

“உக்காந்தேனேம்மா. ரிட்டயர் ஆன மறுநாளு. ஆறு மணி ஆச்சு. எழுந்து போயி வெளிக் கதவப் பூட்டினேன். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன். சாவிய பையில போட்டுகிட்டு நாற்காலில உக்காந்துட்டேன். என் சம்சாரம் தெருவுல காய் வாங்கிகிட்டு நிக்கிறா. கத்தறா. எனக்குக் காதுல விழுது, எழுந்திருக்கத் தோணல.” ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னார். “அவங்களுக்கு ஆறு மணியானா உள்ள போகணும். எனக்குப் பூட்டணும். ஒரே வியாதிதான். குடைய எதுக்குத் தூக்கிட்டுத் திரியறேன்னு நெனச்சீங்க? கையில ஏதாவது வேணும். இல்லன்னா சாவியத் தேடும்.”

அவர் நடக்கத் தொடங்கியது தனக்காக. மூன்றாம் நாள், கூட்டுச் சாலை டீக்கடைச் சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்ற ஒருவரை அடையாளம் கண்டுகொண்டார். இவர் பூட்டியவர்தான். அப்படித்தான் இருவரானார்கள்.

ஞாயிறுகள் கடந்தன. அந்த ஒரு நாள் மட்டும் கூட்டுச் சாலையில் மற்றவர்கள் ஐயா இல்லாமல் நடந்தார்கள். ஏகாம்பரத்தின் மகள் முதலில் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள். பிறகு பையை அப்பாவிடம் கொடுத்தாள். வீட்டு வாசலில் அவளை விட்டுவிட்டு இருவரும் ஒரகடம் திரும்பிவிடுவார்கள். போன மாதம் மல்லிகா ஐயாவிடம் சொன்னார்: “ஒரு நாளு நீங்க இல்லாம அவரா வரட்டுங்கய்யா. வந்து, அவரே கதவத் தொறந்துகினு உள்ள வரட்டும். அப்பால இங்கயே இருக்கட்டும்.”

நாள் குறித்தார்கள். மூன்று நாள் முன்னதாக ஐயா காலமானார்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருவில் நின்றிருந்தேன். பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், நடையில் நான் பார்த்த முகம், தானாகவே பேசினார்.

“நல்லவரான்னு என்னிய கேக்காதீங்க மேடம். உள்ள இருக்கச்சொல்லோ என்னிய ரெண்டு தபா அடிச்சிகீறாரு.”

“அவரிடம் கேட்டீர்களா?”

“கேட்டேன். ஆமா, அடிச்சேன்னாரு. வேற ஒண்ணியும் சொல்லல.”

“பிறகும் ஏன் வந்தீர்கள்?”

“ஆறு மணி வருதே மேடம்.”

இதை ஓர் அஞ்சலிக் கட்டுரையில் எழுதலாமா என்று யோசித்தேன். அவரே மறுக்காததை நான் ஏன் மறைக்க வேண்டும்?

சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் ஈரத் தலையோடு கூட்டுச் சாலையில் கூடினார்கள். கண்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கம்பெனி பஸ்கள் ஆள் இறக்கிக்கொண்டிருந்தன.  ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் ஒரு ஆள் இடம் விட்டிருந்தார்கள். தொழில் பழக்கத்தில் நான் தலைகளை எண்ணத் தொடங்கினேன். நாலில் நிறுத்திக்கொண்டேன். ஆகையால் எத்தனை பேர் வந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் மறுபடி என் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். திறந்தேன்.

“ஞாயித்துக்கிழம நீங்க கூட வர்றீங்களா மேடம்? பின்னால வந்தா போதும்.”

ஆசையாகத்தான் இருந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆசை. “பின்னால் யாரும் நடக்கக் கூடாதென்று ஐயா சொல்லியிருக்கிறார்,” என்றேன். அவர் சிரித்தார். அது கொஞ்சம் பயந்த சிரிப்பு.

ஞாயிறு மாலை குன்றத்தூரில் என் வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆறு மணி போயிற்று, ஆறரை போயிற்று. ஏழுக்குச் சற்று முன் மல்லிகா அழைத்தார்.

“வந்துட்டாருங்க.”

“கதவு?”

“சாத்தி வெச்சிட்டுதான் உள்ள குந்திகினு இருந்தேன். வெளிய செருப்புச் சத்தம் கேக்குது. நின்னுகினே கீறாரு. பத்து நிமிசம் இருக்கும். எனக்கு எழுந்து போயி தொறந்துடலாமான்னு இருந்திச்சி. பல்லக் கடிச்சிகினு குந்தியிருந்தேன். அப்பால அவரு பக்கத்துல நின்ன எம்பொண்ணு சொல்லுது, ‘தள்ளுப்பா, பூட்டல’ன்னு.”

“தள்ளினாரா?”

“தள்னாரு.”

 அந்தப் பக்கத்தில் பாத்திரச் சத்தமும் பெண்ணின் குரலும் கேட்டன.

“இப்போ என்ன செய்கிறார்?”

“சோறு துன்றாரு. கதவ சாத்தவே இல்லீங்க. தொறந்த மேனிக்கு கீது. கொசு வருது.” பிறகு சிரித்தார். “வந்தா வந்துட்டுப் போவுது.”

தணிகாசலம் ஐயாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்கு இன்னும் மீதி இருக்கின்றன. அடித்ததைப் பற்றி, சிறையில் முதன்முதலாகப் பூட்டிய நாளைப் பற்றி. பதில் கிடைக்கப்போவதில்லை. வாலாஜாபாத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

போய் வாருங்கள், ஐயா. வழக்கம்போல் முன்னால் நடங்கள். உங்கள் பின்னாலும் காவலர் யாரும் இல்லை.