பராவ் குருவியும் படகு நானாவும்

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், இங்கே ஜோகூரில், ரெங்கம் ஊர்க் கடைத்தெருவில் ஒரு காப்பிக்கடை வாசலில் நின்றுவிட்டேன். கூரையில் தொங்கிய மூங்கில் கூண்டுக்குள் ஒரு பராவ் குருவி பாடிக்கொண்டிருந்தது. வைக்கோல் நிறத் தலை, கன்னத்தில் மையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நம் கொண்டைக்குருவிக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி பாடும், நிறுத்தும், தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். மறுபடி அதே வரி. கடைக்காரச் சீனர், வாங்க வந்தவன் என்று நினைத்து ஒரு விலை சொன்னார். கேட்டதும் அர்ச்சனைத் தட்டை இடுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினேன்.

அது ஏன் நிறுத்திக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. பராவ் ஜோடியாகப் பாடுகிற பறவை. ஒன்று ஒரு வரி எடுக்கும், மற்றது வாங்கி முடிக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்ததே தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரைதான். பக்கத்தில் இருந்து கேட்டவன், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் காஹாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு ஆற்றுத் தண்ணீர் ஏற்றும் இஞ்சினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. பால் வெட்ட ஆள் வேண்டாம் என்று லயம் என்கிற கூலிவீட்டு வரிசைகளை ஒவ்வொன்றாகக் காலிசெய்து ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். இஞ்சின் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு ஆள் வேண்டுமே என்று என்னை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஆற்றங்கரையில் இஞ்சின் கொட்டகை, பக்கத்தில் ஒரு பலகை வீடு, அதில் நான்.

மண்ணெண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு விபூதி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். இஞ்சின் துடைத்த கையை எவ்வளவு கழுவினாலும், காலையில் முருகன் படத்துக்கு முன் நின்றால் நெற்றியில் விபூதியோடு மண்ணெண்ணெயும் சேர்ந்துதான் ஏறும். பிறகு பாடுவேன். என் குரல் எப்படி என்பதை நான் சொல்லக் கூடாது. ஆனால் நான் தொடங்கிய சற்று நேரத்தில், எதிரே ஆற்றுக்குள் சாய்ந்திருந்த மரத்திலிருந்து ஒரு பராவ் ஜோடியும் தொடங்கிவிடும். எனக்குத்தான் பதில் சொல்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். வெளுக்கிற வானத்துக்குத்தான் பாடின என்று பிற்பாடு புரிந்தது. அப்போது புரியாமல் இருந்ததே நல்லது.

அந்த ஆறு நிறைந்த ஆறு. மழைக்காலத்தில் காட்டுக்குள் ஏறிவிடும். மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க, மீன்கள் மரத்துக்கு மரம் நீந்தி விழுந்த பழத்தைத் தின்னும். முதலை உண்டு. நாலு பக்கமும் மூங்கில் நட்டு அதற்குள்தான் குளிப்பேன். தாழைப் புதரடியில் நீர்நாய்கள் குட்டிகளோடு வந்து, ஒரு மீனுக்கு அத்தனை பேரும் அடித்துக்கொள்ளும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் அழுதுவிட்டேன். நீர்நாய்ச் சண்டையைப் பார்த்து அழுத மனிதன் ஜோகூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாதச் சம்பளம் கொண்டுவரும் கிராணியை, தோட்டத்துக் குமாஸ்தாவை, விட்டால் மனிதர் என்று வந்தவர் படகு நானா ஒருவர்தான். நாகூர்க்காரர்; அந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் நானா. ஆற்று முகத்து எண்டாவிலிருந்து படகில் துணியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களுக்கும் தோட்டத்துக்கும் விற்று வருவார். அவர் வந்தால் கொட்டகையில் ஓர் ஓரத்தைக் கூட்டிப் பாய் விரிப்பேன், தொழுவார். பிறகு என் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது ரசமா, இஞ்சின் கழுவுன தண்ணியா?" என்பார். அந்தக் கேலியைக் கேட்பதற்காகவே அடுத்த தடவையும் ரசம் வைப்பேன்.

லயங்கள் காலியானதும் துணி வாங்க ஆளில்லை. படகில் மூட்டைகள் குறைந்து கூண்டுகள் ஏறின. பராவுக்குச் சிங்கப்பூரில் நல்ல கிராக்கியாம். பழக்கின குருவி ஒன்றைக் கூண்டோடு மரத்தில் தொங்கவிட்டால் அது பாடும். நம் இடத்தில் யார் இவன் என்று அங்கே வாழும் ஜோடி சண்டைக்கு வரும். சுற்றிலும் பலாப்பால் தடவிய குச்சிகள் இருக்கும், உட்கார்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். அவரும் ஊரில் குடும்பத்தை வைத்திருக்கிற மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆற்றின் கீழ்வளைவில் கேட்ட பாட்டு நின்றது. பிறகு அதற்கு இந்தப் பக்கத்து வளைவிலும் நின்றது.

ஒரு மாலை படகைக் கட்டிவிட்டு எதிர் மரத்தைப் பார்த்தபடி, விடிந்ததும் அந்த ஜோடியைப் பிடித்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றால் நானா வராமல் போவார். பேசாமல் இருந்தால் காலையில் மரம் ஊமையாகும். நானாவும் பாட்டும் இரண்டுமே எனக்கு வேண்டியிருந்தன. முருகனைப் பார்த்தேன். படத்தில் அவன் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நானா, அந்த ஜோடி மட்டும் வேணாம்."

"ஏன் தம்பி, அதுகளுக்கும் ரசம் ஊத்துறியா?"

"அதுக பாடினாத்தான் நானா எனக்குப் பொழுது விடியுது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படகிலிருந்த கூண்டுகளைக் காட்டினார்.

"ஒவ்வொரு மரத்துக்கும் ஒருத்தன் இப்படி வந்து நின்னா, நான் எதத்தான் பிடிக்கிறது?"

"நீங்க சும்மா வாங்க. கூண்டு இல்லாம வாங்க."

"கூண்டு இல்லாம எனக்கு இந்தப் பக்கம் என்ன வேல இருக்கு, தம்பி?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். விடியுமுன் தொழுதுவிட்டு, பழக்கின குருவி பாடிவிடாமல் கூண்டைத் துணியால் மூடி, படகை அவிழ்த்தார். மடித்த பாயின் மேல் ஒரு கட்டுக் கருவாடு இருந்தது. படகு வளைவைத் தாண்டுமுன்பே எதிர் மரத்தில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மாதச் சம்பளம் கொண்டுவந்த கிராணியிடம் பேச வாயெடுத்தால் வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. சில காலைகளில் அந்தக் குருவிகள் மேல் கோபம் வரும். உங்களுக்காகத்தானே என்று ஒருநாள் கல்லைக்கூட எடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றேன். ரப்பர் விலை ஏறி, வீட்டுக்காரி பிள்ளைகளோடு திரும்பி வந்த மறுநாள் காலையில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "இதுகளோடதான் இத்தன நாளாக் குடும்பம் நடத்துனீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். நானாவைப் பற்றிச் சொல்ல எனக்குப் பல நாள் பிடித்தது.

காப்பிக்கடைக் குருவியைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. நேற்று விடியுமுன் மகன் காரில் அந்த ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். இரண்டு கரையிலும் தண்ணீர் விளிம்புவரை எண்ணெய்க்கு நட்ட செம்பனை. தாழை இல்லை, நீர்நாய் இல்லை, ஆறு சேற்று நிறத்தில் நேராக ஓடுகிறது. "எந்த மரத்துலப்பா?" என்றான் மகன். கையை நீட்டிக் காட்ட ஒரு மரம் இல்லை. நன்றாக வெளுக்கும்வரை நின்றோம். ஒன்றும் பாடவில்லை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கம்பத்து ஆள் ஒருவர், பராவா என்று யோசித்துவிட்டு, அதெல்லாம் பிடித்து முடித்தாயிற்று என்றார். கூண்டோடு வருகிறவர்கள்கூட இந்த ஆற்றுக்கு வருவதை விட்டு வெகு காலமாகிறதாம்.