சரியண்ணன் வீட்டு வெந்நீர்

மரச்சாமான் கடையில் அவருக்குச் சரியண்ணன் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை. "அண்ணே, இந்த பீரோவ மூணாவது மாடிக்கு ஏத்தணும், லிஃப்ட் ஓடலையாம்" என்றால் "சரி" என்பார். ஏற்றி முடித்து மூச்சு வாங்கும்போது, "அண்ணே, வீடு மாறிப்போச்சு, இது பக்கத்துக் கட்டடமாம்" என்றால் அதற்கும் "சரி"தான். வகுப்பில் தூங்கிக்கொண்டே "உள்ளேன் ஐயா" சொல்கிற பையனைப் போல, அவரைக் கேட்காமலே அவர் வாய் சொல்லிவிடும்.

அப்படிச் சொல்லிச் சொல்லித் தூக்கியதில் ஒரு நாள் இடுப்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேஜையோடு பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் மேஜையை இறக்கினார்கள், அப்புறம் அவரை. மேஜைக்குக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதலாளி அவர் பக்கம் திரும்பினார். பாவம், முதலாளிக்கும் வேறு வழி தெரியவில்லை.

"இனிமே குடம், பக்கெட் எதையும் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"சரி" என்றார் சரியண்ணன்.

கடையில் அவரை நாற்காலிக் கால்களுக்குப் பாலிஷ் போட உட்காரவைத்தார்கள். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அந்த பக்கெட்டில்தான்.

அவர் மனைவிக்கு இறால் கம்பெனியில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஐஸுக்குள் கைவிட்டு இறாலைப் பெரிது சிறிது பார்த்துப் பிரிக்க வேண்டும். கையுறை கொடுப்பார்கள். அது சீக்கிரம் ஓட்டையாகிவிடும், பிறகு ஐஸ் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற பைதான் அது. வீட்டுக்கு வரும்போது பத்து விரலும் எதையோ பிடித்துக்கொண்டிருப்பது போல மடங்கியிருக்கும். சாவி திருப்ப முடியாது. கதவைக் காலால் மெல்லத் தட்டுவார். அந்தத் தட்டல் கேட்டதும் சரியண்ணன் அடுப்பிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்கி, பக்கெட்டில் ஊற்றி, குளியலறைக்குத் தூக்கிப்போய் வைப்பார். அந்தம்மா முக்காலியில் உட்கார்ந்து கைகளை உள்ளே விடுவார். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கடைசி விரல் திறந்ததும் "போதும், போங்க" என்பார். இவர் வெளியே வந்து கதவைச் சாத்துவார்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. அவர்களிடம் போய் அன்பு, பாசம் என்று யாராவது பேச்செடுத்தால் இரண்டு பேரும் வேலை இருக்கிறது என்று எழுந்துபோய்விடுவார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் அந்த பக்கெட்தான்.

இடுப்பு பிடித்துக்கொண்ட அந்த வாரம், "நானே தூக்கிக்கிறேன், நீங்க உக்காருங்க" என்று அந்தம்மா அந்த மடங்கிய விரல்களோடு பாத்திரத்தைப் பிடித்தார். பிடித்தோம் என்று விரல் நினைத்தது, பாத்திரம் நினைக்கவில்லை. அடுக்களை முழுக்க வெந்நீர். எப்படியோ கால் தப்பியது. இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, நடுவே ஆவி பறக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹீட்டர் வாங்கிரலாம்" என்றார் சரியண்ணன்.

யாரும் கேட்காமல் அவராக ஒரு விஷயம் சொன்னதில் அந்தம்மா கொஞ்சம் பயந்தேபோனார். "உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டார்.

எது வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையாக, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் பெரிய மனுஷன் தொப்பை போல. தண்ணீரை வயிற்றுக்குள் வாங்கி, கரண்டில் சுடவைத்து, கேட்கும்போது கொடுக்கும். குழாயில் தண்ணீர் நூலாக வந்தாலும் அதற்குக் கவலையில்லை. அவருக்கு அதைப் பிடித்துப்போயிற்று. அதுவும் எதிர்த்துப் பேசாத சாதி.

ஆனால் கடைக்கு மைத்துனனும் கூட வந்தான். செல்போன் உறை விற்கிறவன். ராக்கெட் முதல் ரத்தக்கொதிப்புவரை எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பான், கேட்காவிட்டாலும் வைத்திருப்பான்.

"மாமா, இந்தத் தொப்பையெல்லாம் யாரு மாமா வாங்குறா இப்ப? சுவிட்ச் போட்டுட்டு ஒரு தூக்கம் தூங்கி எழுந்துதான் குளிக்கணும். அக்கா கை விறைச்சு வந்து நிக்கும், நீங்க இருங்க இருங்கன்னு சொல்லிட்டு இருப்பீங்களா?"

"இல்ல மாப்ள..."

"இதப் பாருங்க. கேஸ்ல ஓடுறது. குழாயத் திறந்தா டக்குனு பத்தும். மூடுனா அணைஞ்சிரும். எப்படி?"

சுவரில் ஒரு தட்டைப் பெட்டி இருந்தது. நடுவே சின்னக் கண்ணாடி. அதற்குள் தீ எரிவது தெரியுமாம். கடைக்காரப் பெண் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், உங்க தண்ணி டேங்க் எவ்வளவு உயரத்துல இருக்கு? இதுக்குத் தண்ணி வேகமா வந்தாத்தான் தீ பத்தும்."

சரியண்ணன் வாயைத் திறந்தார். அவர்கள் குடியிருப்பது முதல் மாடி. அதற்கு மேலே மொட்டைமாடி. அங்கே டேங்க் தரையோடு தரையாக அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் இருக்கும் கீழ்வீட்டுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான் போகிறது. இதைத்தான் சொல்ல நினைத்தார்.

"டேங்க் மொட்டமாடியில இருக்கும்மா, அதுக்கு மேல வானம்தான்" என்றான் மைத்துனன். "இல்ல மாமா?"

பொய்யில்லையே. மொட்டைமாடிக்கு மேல் வானம்தான்.

"சரி" என்றார் சரியண்ணன்.

குழாய்க்காரர் வந்து, அடுக்களைக்குப் பின்னாலிருந்த பால்கனிச் சுவரில் துளை போட்டார். உள்ளே மாட்டினால் புகை அடைத்துக்கொள்ளும், வெளியேதான் மாட்ட வேண்டும் என்றார். சுவர் பாதி உதிர்ந்து சரியண்ணன் தலையில் விழுந்தது. பெட்டியை மாட்டி, குளியலறைவரை குழாய் இழுத்து, சிலிண்டரைச் சேர்த்தார். மதியம் சோதனை. குழாயைத் திறந்தார்கள். பெட்டி டிக் டிக் டிக் என்றது. பிறகு 'பொப்'. கண்ணாடிக்குள் நீலமாகத் தீ நின்றது. குளியலறையில் ஆவி. மைத்துனன் தானே அதைப் பெற்றெடுத்தவன் போல எல்லார் முகத்தையும் பார்த்தான். அன்று கீழ்வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் கதவில் தட்டல் கேட்டது. அந்தம்மா நேரே குளியலறைக்குப் போனார். முழங்கையால் குழாயைத் தள்ளித் திறந்தார். சரியண்ணன் பால்கனியில் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பொப் என்று பற்றியது. அவர் முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தது. அப்போது கீழே யாரோ குழாயைத் திறந்தார்கள். தீ 'புஸ்' என்று போய்விட்டது. டிக் டிக் டிக். டிக் டிக் டிக். பல்லி கூட அவ்வளவு பொறுமையாகச் சொல்லாது.

"என்னங்க, பச்சத்தண்ணி வருது" என்றது உள்ளேயிருந்து குரல்.

மறுநாள் குழாய்க்காரர் மொட்டைமாடி ஏறினார். டேங்கைச் சுற்றிப் பார்த்தார், இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"யாருண்ணே இத எடுக்கச் சொன்னது?"

மைத்துனனுக்கு அப்போது பார்த்து ஒரு போன் வந்தது.

"கீழ குழாய் திறந்தா உங்களுக்கு வேகம் போயிரும். வேகம் போனா இது அணைஞ்சிரும். அது அதோட குணம், குத்தம் சொல்ல முடியாது. ஒண்ணு டேங்க ஸ்டாண்ட் போட்டுத் தூக்கணும், இல்ல மோட்டார் வைக்கணும்."

கடையில் கேட்டதற்கு, சுவரில் ஏறிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். சரியண்ணன் வீட்டுக்காரரிடம் போனார்.

"டேங்கத் தூக்குனா மாடி விரிசல் விடும்ப்பா."

"சரிங்க."

"மோட்டார் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. தலை வெடிச்சிரும்."

"சரிங்க."

"வேற ஏதாச்சும் கேக்கணுமா?"

இருந்தது. நாங்கள் குளிக்கும் கொஞ்ச நேரம் நீங்கள் குழாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். "இல்லீங்க" என்றார்.

ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் மனைவி வந்ததும் கதவைத் திறந்துவிட்டு, "குழாயத் திற, நான் இப்ப வந்துர்றேன்" என்று இறங்கினார். நேரே கீழ்வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தார். வாழ்நாளில் வெளி ஆளிடம் தானாக ஒரு பேச்சை ஆரம்பிக்காத மனுஷன்.

"அந்தக் கல்லு... கரைஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. அதை விசாரிக்க ஒரு ஆள் வரமாட்டானா என்று வருஷக்கணக்கில் காத்திருந்தவர். கல் பிறந்த கதையிலிருந்து தொடங்கினார். சரியண்ணன் சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மாவும் கைவேலையை விட்டுவிட்டு வந்து, "அன்னிக்கு ராத்திரி இவர் போட்ட கூச்சல் இருக்கே" என்று சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் சோபாவில். குழாய்ப் பக்கம் யாருமில்லை. பின்பக்க ஜன்னல் வழியாக மேலே 'பொப்' கேட்டது. வேறு சத்தமே இல்லை. சரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். தன் கல்லுக்காகத்தான் கண் கலங்குகிறான் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அப்படி ஒரு வாரம் ஓடியது. பிறகு கல் தீர்ந்துபோனது. அதாவது கதை தீர்ந்துபோனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியபோது வீட்டுக்காரம்மாவுக்கு அது தாங்கவில்லை. "நீங்க பேசிட்டு இருங்க, எனக்குப் பாத்திரம் கெடக்கு" என்று எழுந்தார்.

"அம்மா" என்றார் சரியண்ணன்.

"என்னப்பா?"

உட்காருங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் வீடு, அவர் பாத்திரம், அவர் குழாய். எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணுமில்லீங்க."

தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. மேலே டிக் டிக் டிக். அவர் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பச்சைத் தண்ணீர் எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். முதலில் கை, அப்புறம் தோள். வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். "சரிங்க" என்றார்.

மேலே வந்தபோது அந்தம்மா தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"நல்லா சூடாத்தான் இருந்துச்சு."

துண்டை வாங்குவது போலக் கையைத் தொட்டார். இறால் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த கை மாதிரி இருந்தது. விரல்கள் இன்னும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

"எத்தன நாளா இப்படிச் சூடா இருக்கு?" என்று கேட்டார்.

அந்தம்மா கையை இழுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். "அந்த மனுஷன் கதையக் கேட்டுக்கிட்டு நீங்க அங்க உக்காந்திருக்கீங்க. நான் என்னன்னு சொல்றது" என்றார்.

சரியண்ணன் அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். பெரிய பாத்திரம் கொதித்தது. டாக்டர் குடத்தைச் சொன்னார், பக்கெட்டைச் சொன்னார். சொம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொம்பு மொண்டு நடந்துபோய்ப் பக்கெட்டில் ஊற்றினார். திரும்பி வந்து இன்னொரு சொம்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நடைக்கு, பக்கெட்டில் கால்வாசி சேர்வதற்குள் முதலில் ஊற்றியது ஆறிப்போனது. அந்தம்மா முக்காலியில் உட்கார்ந்து, இருந்த தண்ணீரில் கையை விட்டார். இரண்டு விரல் திறந்தது. மற்றவை யோசித்துக்கொண்டிருந்தன.

"நாளைக்குக் கீழ போக வேணாம்" என்றார்.

"சரி."

"ஹீட்டர் எப்படின்னு தம்பி போன்ல கேட்டான்."

"என்ன சொன்ன?"

"டக்குனு பத்துதுன்னு சொன்னேன். வருத்தப்படுவான்ல."

"சரி" என்றார் சரியண்ணன். பக்கெட்டில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். கீழே யாரும் குழாயைத் திறக்கவில்லை. கீழ்வீடு அதற்குள் தூங்கப் போயிருந்தது. இப்போது திறந்தால் பற்றும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாளைச் சாயங்காலம் பற்றாது என்பதும் தெரியும். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடி அடுக்களைக்கு நடந்தார்.