காப்புக் கட்டிய எட்டு நாள்

ஆத்மநாதனுக்கு டிராக்டர் ஓட்டித்தான் முதுகுவலி வந்தது என்று வல்லத்திராக்கோட்டையில் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைத்து, ஒரு வருஷம் மருந்துக்கடை மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினார். கால் வீங்கி, சிறுநீர் குறைந்த பிறகுதான் மனைவி ராஜலட்சுமி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

வயிற்றின் பின்பக்கம் தழும்புபோல ஒரு சதை படர்ந்து, இரண்டு சிறுநீர்க்குழாய்களையும் நெரித்துக்கொண்டிருந்தது. சிறுநீர் இறங்குவதற்காக வலது குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், இடதில் அது நுழையவில்லை.

"வெள்ளிக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க. வயித்தத் தெறந்து குழாயைப் பிரிச்சு விடணும். தள்ளிப்போட்டா கிட்னி போயிடும்" என்றார் டாக்டர்.

புதன்கிழமை ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் எட்டு நாள் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் தங்கக்கூடாது.

"என்னடா, கரகம் தூக்கப் பயந்து ஆஸ்பத்திரியில ஒளியப் போறியாமே?" என்று சிரித்தார் அண்ணன் முத்துராமன்.

"கரகத்தோட ஒன்னையும் சேத்துத் தூக்குவேண்ணே."

அண்ணன் போனதும் ஆத்மநாதன் மனைவியைப் பார்த்தார். "நீ என்ன சொல்றவ?"

போகச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வந்தது. காப்பை மீறிப் போய், கத்தி வைக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்?

"எட்டு நாள்தானேங்க. காப்பு அவுத்ததும் போயிருவோம்."

தேதி தள்ளிப்போவதை டாக்டருக்குப் போன் செய்து சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. செய்யவில்லை.

ஆறாம் நாள் குளிர்க்காய்ச்சல் கண்டது. மூன்று போர்வைக்கும் நடுக்கம் அடங்கவில்லை. முத்துராமனே கார் கொண்டுவந்தார். "ஏறுத்தா. ஆத்தா கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்."

முதுகு வழியே குழாய் போட்டு, இடது கிட்னியில் தேங்கிய சீழை வடித்தார்கள். காய்ச்சல் இறங்கியதும் ஆபரேஷன். நாலரை மணி நேரம். வலது சிறுநீர்க்குழாயைக் கெட்டிச் சதையிலிருந்து பிரித்தெடுத்து, மறுபடி ஒட்டாமலிருக்க வயிற்றுக் கொழுப்பால் சுற்றியிருந்தார்கள்.

"எடது கிட்னி அழுகிடுச்சு, எடுத்துட்டோம். வலதும் வேலை செய்யலை. சொன்ன தேதிக்கு ஏம்மா வரலை?" என்று கேட்டார் டாக்டர்.

"ஊர்ல விசேஷம்" என்று முத்துராமன்தான் மெல்லச் சொன்னார்.

டயாலிசிஸ் தொடங்கினார்கள். ரத்தத்தில் ஏறிய கிருமி இறங்கவில்லை. ஒருநாள் ஆத்மநாதன் கண்விழித்தார்.

"காப்பு அவுத்தாச்சா?"

"ஆச்சுங்க."

"ஊருக்கு ஒண்ணும் கொறையில்லையே?"

"இல்லைங்க."

அவர் முகம் தெளிந்தது. இருக்கச் சொன்னது நான்தானே, என்னை மன்னிச்சிருங்க என்று சொல்லத்தான் அவள் கட்டிலருகே நின்றாள். இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? எழுந்து உட்காரட்டும், பிறகு சொல்லலாம் என்று வெளியே வந்தாள்.

மறுநாள் விடிகாலையில் அவர் இறந்துபோனார்.