மூக்கைப் பற்றிய கேள்வி

மனைவியின் இரத்தப் பரிசோதனை முடிவு மேசையில் இருந்தது. மருத்துவர் ஒரு வரியின் கீழ் கோடு போட்டார். ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் அதிகம். ஆனால் வேறு வகை ஆஸ்துமாவிலும் அவை கூடும். ஆஸ்பிரினும் அதன் இன மாத்திரைகளும் மூச்சை அடைக்கும் வகைதானா இது என்று இரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். நான் அதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவளுக்கு இத்தாலியன் சமையலறை அளவுக்குத்தான் வரும்.

போன மாதம் வியா மக்வேதா தெருவில், அவள் சமைக்கப் போகும் வீட்டுக்கார அம்மா சின்யோராவின் வீட்டுப் படியில் மூச்சு அடைத்து, உதடு நீலமாகிப் போனவளை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். அன்று முழங்கால் வலிக்குச் சின்யோரா கொடுத்த மாத்திரையைப் போட்டிருந்தாள். பிளீச் ஊற்றிக் குளியலறையும் கழுவியிருந்தாள். காரணம் எதுவென்று தெரியவில்லை.

மணம் தெரிகிறதா என்று மருத்துவர் கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

அவளுக்கு மணம் தெரியாமல் போய் ஒரு வருடம். பால் திரிந்ததா, மீன் பழுதா என்று என்னிடம்தான் நீட்டுவாள். சின்யோராவுக்கு இது தெரியாது. இங்கே தங்குவதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அந்தச் சமையல் வேலை வேண்டும்.

"பொய் சொன்னால் பிழையான மருந்தைத் தந்திடுவினம்," என்றேன்.

"வேலை போனால் நீங்களே போய்ச் சமைக்கப் போறியள்? உங்கட சோத்தைத் திண்டிட்டு அந்த மனுசி என்னைத்தான் தேடும்."

ஒரு சொல் பதிலுக்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை என்பது மருத்துவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னை விட்டு அவள் பக்கம் திரும்பி, எளிய இத்தாலியனில் மெதுவாகச் சொன்னார்: ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர் பலருக்கு மூக்கினுள் சதை வளரும், மணம் போய்விடும். அதனால்தான் கேட்கிறேன். அடுத்த முறை படியால் இறக்க நேரம் கிடைக்காமலும் போகலாம்.

மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். பிறகு தானே இத்தாலியனில் சொன்னாள். "நியெந்தே. உன் ஆன்னோ." ஒன்றும் தெரியாது, ஒரு வருடமாக.

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு துவாரங்களிலும் சதை. இதுவும் முடிவல்ல என்றார். மருத்துவமனையில் இருத்தி, ஆஸ்பிரினைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுத்து, மூச்சின் அளவு குறைகிறதா என்று அளக்க வேண்டும். அதுவரை அந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது. சின்யோராவுக்குக் கடிதம் தருகிறேன் என்றார்.

"மூக்கைப் பற்றி எழுத வேண்டாமெண்டு கேளுங்கோ."

கேட்டேன். மருத்துவர் மாத்திரைகளின் பெயர்களை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். வாசலுக்கு வந்ததும் கடிதத்தை வரி விடாமல் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னாள்.