தோற்றவன் கத்தவேண்டிய ஹுரே

நனைந்த கயிற்றின் மணம், கருகிய கோழிக்காலின் புகை, நூறு தமிழரின் வியர்வை... இந்த மூன்றையும் ஒரு போத்தலில் அடைத்தால் அதுதான் இரண்டாயிரங்களின் மொன்றியல் கோடைகாலம்.

வருடத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் எங்கள் பங்கு மக்கள் முழுப்பேரும் ரொக்ஸ்பரோ ஆற்றோரப் பூங்காவில் இறங்குவோம். கடைசிப் போட்டி கயிறு இழுத்தல். ஒரு பக்கம் பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிவீடுகளில் வாடகைக்கு இருந்த நாங்கள். மறுபக்கம் புதிதாக வீடு வாங்கி ரொக்ஸ்பரோவுக்குப் போன பெருமக்கள். உலக யுத்தம் இரண்டும் இதற்கு முன்னால் சின்னப்பிள்ளைகளின் குழப்படி!

எங்களுக்கு நான் கப்டன். அவர்களுக்கு யேசுதாசன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. மொன்றியலுக்கு வந்து நான்கு வருடம் ஒரே அறை. ஒரே குளிர் ஜாக்கெட்டை முறைவைத்துப் போட்டவர்கள். ஆனால் நான் சொல்லும் அந்த ஞாயிறில் நாங்கள் கதைத்து இரண்டு வருடமாகியிருந்தது.

காரணம்? அவன் புதுவீடு குடிபுகுந்த நாளில், நூறு பேர் முன்னால், "நீ எப்ப மச்சான் அந்த எலிப்பொறியை விட்டு வெளிக்கிடப் போறாய்?" என்று கேட்டுச் சிரித்தான். கையிலிருந்த சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். அதன்பிறகு கோயிலில் அவன் இடப்பக்க வாங்கு, நான் வலப்பக்க வாங்கு. நடுவில் அட்லாண்டிக் சமுத்திரம்.

விசில் ஊதியது. மண் அதிர்ந்தது. ஆறு பயந்து பின்வாங்கியது. ரொறன்ரோவில் யாரோ பூகம்பம் என்று பொலிசுக்குப் போன் அடித்ததாகவும் கேள்வி.

பதினைந்தே விநாடி... நாங்கள் முகங்குப்புறப் புல்லில்.

இனித்தான் ஆபத்து. எங்கள் பள்ளிக்கூட வழக்கமொன்று கனடாவுக்கும் விசா எடுத்து வந்திருந்தது. தோற்ற கப்டன் முன்னால் வந்து, வென்றவனின் பெயர் சொல்லி, "ஹிப் ஹிப்" என்று மூன்று தரம் கத்தவேண்டும். தோற்றவனுடைய ஆட்கள் "ஹுரே" சொல்லவேண்டும். கத்தாமல் போகிறவன் மனுசக் கணக்கிலேயே இல்லை.

நான் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினேன். தட்டினேன்... தட்டிக்கொண்டே இருந்தேன்.

"என்ன கப்டன், தொண்டை அடைச்சுப்போட்டுதோ?" என்றார் பூசை வைத்த சுவாமியார்.

பின்னாலிருந்து என் மனைவி: "இஞ்சருங்கோ, கத்திப்போட்டு வாங்கோ. கோழி ஆறுது!"

யேசுதாசனைப் பார்த்தேன். வென்றவன் முகமாக அது இல்லை. கயிற்றை விடாமல் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பேசாமல் திரும்பிப் போனால் அவனுக்கு எப்படியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பார்த்துக்கொண்டு நின்றதும் அதே நூறு பேர்.

"த்ரீ சியர்ஸ் ஃபோர் யேசுதாசன்! ஹிப் ஹிப்..."

"ஹுரே!"

மூன்றாவது தரம் கத்தியது ஆற்றின் மறுகரைக்கும் கேட்டிருக்கும். ஹுரே வருமுன்பே அவன் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான்.

"மச்சான்... அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஓம், கூடாதுதான். வா, கோழி ஆறுதாம்."

அந்த 'ஹுரே'யின் பூர்வீகத்தைப் பிற்பாடு நூலகத்தில் தேடினேன். முந்தி அது 'ஹுஸ்ஸா'வாக இருந்ததாம். மாலுமிகள் கயிறு இழுக்கும்போது கத்தியதாக இருக்கலாம் என்றது ஒரு தலையணை மொத்த அகராதி. நிச்சயமில்லை என்றும் சொன்னது. எனக்கு நிச்சயம்தான். கயிறு இழுத்தவனுக்குத் தெரியாதா!

இப்போது பிள்ளைகள் விளையாடி முடிய வரிசையாக வந்து, முஷ்டியோடு முஷ்டி முட்டி, "பியன் ஜுவே", நல்லா விளையாடினாய் என்று பிரெஞ்சில் முணுமுணுத்துப் போகிறார்கள். வடிவாய்த்தான் இருக்கிறது. ஆனால் அதில் யாருடைய முகத்தையும் பார்க்காமலே தப்பிவிடலாம்...

போன மாதம் நானும் யேசுதாசனும் வாட்ஸ்அப்பில் கொளுவுப்பட்டோம். இரண்டு வாரம் மௌனம். ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிச் சமாளிக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை. அதே பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிவீட்டின் பல்கனியில் நின்று, போனை வாயருகே பிடித்து, "ஹிப் ஹிப்!" என்று மட்டும் கத்தி அனுப்பினேன். தெருவில் மூன்று நாய்கள் பதில் சொல்லின. அவன் சொல்லவில்லை.

கால் மணித்தியாலம் கழித்து வந்தது, இருமலோடு ஒரு அறுபது வயதுத் தொண்டை.

"ஹுரே... எலிப்பொறியிலதானே நிக்கிறாய்? தேத்தண்ணி வை, வாறன்."